இஸ்பேட் ஏஸில் யார் பெயர்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இன்றைய போக்கர் சீட்டாட்டத்தை உருவாக்கியவர்கள் ஆடியவர்களா, சீட்டு அச்சடித்தவர்களா என்பது தலைப்பு. அச்சடித்தவர்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மிசிசிப்பி ஆறு, நீராவிப் படகு, சுருட்டுப் புகை, இடுப்பில் துப்பாக்கி என்று ஒரு படமே ஓட்டிக் காட்டினார். கைதட்டலும் வாங்கினார். அந்தப் படகுக்காரன் கையில் எத்தனை சீட்டு இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் கட்சி கவிழ்ந்துவிடும்!

1820களில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஆடிய போக்கருக்கு மொத்தம் 20 சீட்டு. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நான்கு பேர், ஆளுக்கு ஐந்து. பங்கிட்டு முடித்தால் மேஜையில் ஒரு சீட்டும் மிஞ்சாது. ஐந்தாவது ஆள் உட்கார வழியில்லை. பிடிக்காத சீட்டைப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாமா? எங்கிருந்து எடுப்பது?

இன்னும் கேளுங்கள். 20 சீட்டில் ஐந்தை எடுக்க 15,504 வழி. அதில் ஜோடியே இல்லாத கை 1,024. அந்த 1,024 கையும் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்றுதான் இருக்கும். வேறு எப்படியும் இருக்க முடியாது. இன்று 'ஸ்ட்ரெய்ட்' என்று மார்தட்டும் வரிசை, அங்கே ஒன்றுக்கும் உதவாத கை. ஐந்தும் ஒரே சின்னமாக வரும் ஃப்ளஷ்? முழுக் கட்டிலும் நான்கே நான்கு. இன்றைய போக்கரின் பாதி உறுப்பு அந்தக் கட்டுக்குள் பிறக்கவே முடியாது.

52 சீட்டுக்கு வந்தபிறகு என்ன ஆனது? ஐந்து சீட்டுக் கைகள் 25,98,960. வெறும் ஸ்ட்ரெய்ட் 10,200. வெறும் ஃப்ளஷ் 5,108. அரிதானது ஜெயிக்கும், அதனால் ஃப்ளஷ் மேலே. பத்துப் பேர் உட்காரலாம். நாலைந்து பேர் ஆடினால் மீதிக் கட்டிலிருந்து சீட்டு மாற்றலாம்.

"52க்கு மாற்றியது ஆடியவர்கள்தானே?" என்று எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது. ஆமாம், மாற்றினார்கள். ஆனால் கடையில் வாங்கிய கட்டில் 32 சீட்டை உருவி ஒதுக்கிவைத்து ஆடியவர்களும் அவர்கள்தாமே! ஒதுக்கியதைத் திரும்பச் சேர்த்ததற்குக் கண்டுபிடிப்பு என்று பெயரா, நடுவர் அவர்களே?

அந்த 52 எங்கிருந்து வந்தது? எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் காலத்துக் கட்டு ஒன்று இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு சின்னம். சின்னத்துக்குப் பத்து எண்சீட்டு, மூன்று பதவிச் சீட்டு: அரசன், துணை அரசன், இரண்டாம் துணை. கூட்டிப் பாருங்கள், 52. துணை அரசனைக் குறிக்கும் 'நாயிப்' என்ற அரபுச் சொல்தான் ஸ்பெயினில் 'நைப்பே' ஆகி இன்றும் சீட்டுக்குப் பெயராக நிற்கிறது. 1377இல் பிளாரன்ஸ் நகரம் 'நையிபே' ஆட்டத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது. சீட்டு வந்த கையோடு தடையும் வந்துவிட்டது. அது அப்போதே அப்படித்தான்.

ஐரோப்பாவில் போலோ தெரியாது, மட்டை தடியாயிற்று. ஜெர்மானியர் மணி, இலை, ஓக் கொட்டை என்று வரைந்தார்கள். இதெல்லாம் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, பல வண்ணம் தீட்ட வேண்டிய வேலை. சுமார் 1480 வாக்கில் பிரான்சு நாட்டுத் தொழிலாளி ஒரு வழி கண்டான். இதயம், டைமன், கிளாவர், இஸ்பேட் ஆகிய நான்கும் ஒற்றை நிற நிழலுருவங்கள். துளைத்த தகட்டை வைத்துத் தூரிகையால் ஒரு தேய்ப்பு, எண்சீட்டு தயார். மரக்கட்டை ராஜா, ராணி, ஜாக்கிக்கு மட்டும் போதும். விலை இறங்கியது, பிரெஞ்சுச் சின்னம் உலகைப் பிடித்தது. நாம் சொல்லும் 'கிளாவர்' டச்சுக்காரர் வாய்ச்சொல். ஆங்கிலேயரோ கிளாவர் இலையைப் படத்தில் வைத்துக்கொண்டு, 'கிளப்' என்ற பெயரில் பழைய தடியையே விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

போக்கர் மறைத்து ஆடும் ஆட்டம். மறைக்க முடியாத சீட்டில் அது நடக்குமா? ஒற்றைத் தாள் என்றால் விளக்கு வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியும். அதனால் தாளின் மேல் தாள் ஒட்டி, அழுத்தி, மெருகேற்றி வெட்டினார்கள். இன்று இரண்டு தாளுக்கு நடுவே கருப்புப் பசை. நெடுங்காலம் முதுகு வெள்ளையாகவே இருந்தது. ஒரு விரல் அழுக்கு பட்டால் போதும், அடுத்த சுற்றில் அது எந்தச் சீட்டென்று மேஜைக்கே தெரியும். 19ஆம் நூற்றாண்டில் முதுகு முழுக்கக் கோலம் போட்டு அந்த அழுக்கை விழுங்கவைத்தது அச்சகம். ராஜாவுக்கு ஒரே தலை இருந்த காலத்தில், தலைகீழாக வந்த சீட்டை ஒருவன் திருப்பினாலே "ஓகோ, படச்சீட்டு!" என்று எதிராளி கண்டுகொள்வான். இரண்டு பக்கமும் தலை வைத்துத் தீர்த்தார்கள்.

அடுத்ததுதான் என் துருப்பு. 1870களில் நியூயார்க் கம்பெனிகள் சீட்டின் மூலையில் எண்ணையும் சின்னத்தையும் சிறிதாக அச்சிட்டுப் பரப்பின. அதற்கு முன் புள்ளிகளை எண்ண வேண்டும், விசிறி போல் அகல விரிக்க வேண்டும். மூலைக்குறி வந்ததும் ஐந்து சீட்டையும் நெருக்கிப் பிடித்து ஓரத்தை மட்டும் பார்த்தால் போதும். அந்தக் கட்டுக்கே 'நெருக்கி' என்ற பொருளில் 'ஸ்குவீசர்' என்று பெயர். ஜாக்கிக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் 'நேவ்'. ராஜாவுக்கும் நேவுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றே என்பதால், நேவைத் தள்ளி ஜாக்கியை உட்கார வைத்ததும் இந்த மூலைதான். இன்று லாஸ் வேகாஸில் ஆடும் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில், மேஜையில் கவிழ்ந்த இரண்டு சீட்டைக் கையால் மூடி, மூலையை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்க்கிறார்களே, மூலையில் எழுத்தில்லாத சீட்டில் எதைப் பார்ப்பார்கள்?

பாரசீகச் சீட்டாட்டமான 'ஆஸ்நாஸ்'தான் போக்கருக்குத் தாய் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். ஆஸ்நாஸ் விதிகள் மேலை எழுத்தில் தெளிவாக வருவது 1890களில். போக்கரோ 1843இலேயே ஜோனதன் கிரீன் எழுதிய சூதாட்ட எதிர்ப்பு நூலில் வந்துவிட்டது. பிள்ளை பிறந்த பதிவுக்கு அரை நூற்றாண்டு கழித்துத் தாயின் பதிவா? பொய்யாக மிரட்டிப் பந்தயம் ஏற்றும் உத்தி ஆடியவர்களின் சொத்து, அதை விட்டுத்தருகிறேன். ஜெர்மன் 'போக்கன்', பிரெஞ்சு 'போக்' ஆட்டங்களில் அது முன்பே உண்டு.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று. இங்கிலாந்தில் 1711இல் கட்டுக்கு ஆறு பென்னி வரி போட்டார்கள். பிறகு வரி கட்டிய அடையாளம் இஸ்பேட் ஏஸில் வந்தது. அந்த ஏஸைக் கள்ளமாக அச்சடித்ததற்காக 1805இல் ரிச்சர்ட் ஹார்டிங் தூக்கிலிடப்பட்டார். வரி 1960இல் ஒழிந்தது, ஏஸின் அலங்காரம் ஒழியவில்லை. நடுவர் அவர்களே, மேஜையில் கட்டு இருக்கிறது. தீர்ப்புக்கு முன் இஸ்பேட் ஏஸை எடுத்துப் பாருங்கள். அதில் அச்சடித்த கம்பெனியின் பெயர் இருக்கும். ஆடியவன் பெயர் இருந்தால் எதிரணிக்கே தீர்ப்பைக் கொடுத்துவிடுங்கள்.