சுத்தியலும் ராயல் ராபின்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே எல் கேப்பிட்டான் என்ற கருங்கல் பாறை ஏறக்குறைய 3,000 அடி செங்குத்தாக நிற்கிறது. 1968-ல் ஒருவர் பத்து நாள் அதிலேயே தொங்கி, அதிலேயே தூங்கி, தன்னந்தனியாக ஏறி முடித்தார். அதற்கு முன் அந்தப் பாறையில் யாரும் தனியாக ஏறியதில்லை. அவர்தான் ராயல் ராபின்ஸ்.

1935-ல் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். 1957-ல், 22 வயதில், அதே யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் மலையின் வடமேற்குச் சுவரை நண்பர்கள் இருவரோடு ஐந்து நாளில் ஏறினார். அந்தச் சுவரில் அதுதான் முதல் ஏற்றம். மறுபக்கத்து நடைபாதை வழியாக உச்சிக்கு வந்து அவர்களை வாழ்த்தியவர் வாரன் ஹார்டிங். அதே சுவர்மேல் கண் வைத்திருந்த போட்டியாளர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் பாறை ஏறுகிறவர் கையில் சுத்தியல் இருக்கும். விரிசலில் இரும்பு ஆணியை அடித்து இறக்கி, அதன் கண்ணில் வளையம் மாட்டிக் கயிற்றை விடுவார்கள். பின்னால் வருகிறவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிப் பிடுங்குவார். ஒவ்வொரு தடவையும் பாறை கொஞ்சம் உதிரும். பலர் ஏறி இறங்கினால் மெல்லிய விரிசல் வரிசையாகப் பொந்துகளாகிவிடும். அந்தத் தழும்புகள் இன்றும் அங்கே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் விரலை விட்டுத்தான் இப்போது பலர் ஏறுகிறார்கள்!

1966-ல் ராபின்ஸ் இங்கிலாந்து போனார். அங்கே ஆணிக்குப் பதில் 'நட்' போட்டார்கள். ஆரம்பத்தில் நிஜமாகவே இயந்திர நட்டுதான். உள்ளே மரையை அராவிவிட்டுக் கயிறு கோத்துக்கொள்வார்கள். விரிசல் கீழே குறுகும் இடம் பார்த்து மேலிருந்து நுழைத்து, ஒரு இழுப்பு. இறுகிக்கொள்ளும். ஆள் விழுந்தால் இன்னும் இறுகும். எடுக்க வேண்டுமா, கீழிருந்து மேலாக ஒரு தட்டு. பாறைக்குச் சேதமே இல்லை.

அடுத்த ஆண்டு மனைவி லிஸ்ஸோடு சேர்ந்து, ஒரு ஆணிகூட அடிக்காமல், யோசெமிட்டியில் நட்கிராக்கர் என்ற புதிய வழியை ஏறிக் காட்டினார். பெரிய சுவர்களில் அதற்கப்புறமும் அவர் ஆணி அடித்தவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

1971-ல் 'பேசிக் ராக்கிராஃப்ட்', 1973-ல் 'அட்வான்ஸ்டு ராக்கிராஃப்ட்' என்று இரண்டு சிறிய பாடப் புத்தகங்கள் எழுதினார். முடிச்சு போடவும் கயிறு பிடிக்கவும் சொல்லிக்கொடுத்த கையோடு, பாறையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் எழுதினார். ஷெரிடன் ஆண்டர்சனின் கேலிப்படங்கள் இருந்ததால் உபதேசம் கசக்கவில்லை.

இப்போது ஹார்டிங்குக்கு வருவோம். 1970-ல் அவரும் டீன் கால்டுவெல்லும் எல் கேப்பிட்டானின் இன்னொரு பகுதியில், நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு, 27 நாளில் ஏறினார்கள். ராபின்ஸுக்குக் கோபம். 1971-ல் டான் லாரியாவோடு அதே வழியில் ஏறிக்கொண்டே, ஹார்டிங் அந்தத் துளைகளில் அடித்திருந்த போல்ட்டுகளை வெட்டி எறிய ஆரம்பித்தார். கொஞ்ச உயரம் போனதும் புரிந்துவிட்டது: இது அவர் நினைத்ததைவிடக் கடினமான, நேர்த்தியான ஏற்றம். வெட்டுவதை நிறுத்திவிட்டு, மிச்ச போல்ட்டுகளில் கயிறு மாட்டியே உச்சிக்குப் போனார். கொள்கைக்காரர்களிடம் இந்தக் குணம் அபூர்வம். எனக்கு அவரைப் பிடிப்பது இதனால்தான்.

1970-களின் இறுதியில் மூட்டுவாதம் கைகளைப் பிடித்தது. சரி, பாறை போனால் ஆறு என்று, துடுப்போடு சியரா மலையின் காட்டாறுகளில் கயாக் என்ற குறுகிய சிறு படகை விட ஆரம்பித்தார். 2017-ல் காலமானார்.

வணக்கம்.