சுவர் இருந்தால்தான் சித்திரம்: குவார்ட்டர்பேக்குகளில் யார் பெரியவர்?

(தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, கையில் கடிகாரத்தோடு என்னை அடக்கி ஆளும் பொறுப்பை இன்று ஏற்றிருக்கும் செயலாளர் அம்மையார் அவர்களே, பொருளாளர் அவர்களே, முன்வரிசை முழுவதையும் நிரப்பியிருக்கும் முன்னாள் தலைவர்களே, சிறப்பு விருந்தினராக வந்து வேட்டியோடு அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே! நான் பேசுவதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. ஆனாலும் டாம் பிரேடி என்ற பெயர் வரும்போதெல்லாம் தலையாட்டுவார் என்று நம்புகிறேன். இரவுப் பணி முடித்து உறங்காமல் வந்திருக்கும் நம் நரம்பியல் மருத்துவர் அம்மா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, விடியுமுன் எழுந்து சர்க்கரைப் பொங்கல் கிண்டிய அடுக்களைக் குழுவினரே, ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து குளிரில் மாட்டிக்கொண்ட தாத்தா பாட்டிமார்களே, அனைவருக்கும் என் பொங்கல் வணக்கம்.

நம் சங்கம் விழாவுக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கம் பார்க்கிறதோ இல்லையோ, அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் எந்த ஞாயிறு என்று பார்த்துவிடுகிறது. அதனால் இளைஞர் அணித் தம்பிகள் இந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்ததில் வியப்பில்லை. அமெரிக்க ஃபுட்பாலில் இதுவரை ஆடிய குவார்ட்டர்பேக்குகளில் யார் முதலிடம், யார் அடுத்த இடம் என்று வரிசைப்படுத்தித் தர வேண்டுமாம். தருகிறேன். ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, வென்ற கோப்பைகள். இரண்டு, புள்ளிவிவரம். மூன்று, ஆடிய காலமும் அந்தக் காலத்து விதிகளும். நான்கு, நெருக்கடியில் நிதானம். ஐந்து, அவரைச் சுற்றி இருந்தவர்கள். இந்த ஐந்தாவதைத்தான் எல்லாரும் கடைசியில் வைத்து மறந்துவிடுகிறார்கள். நான் மறக்க மாட்டேன். ஏனென்றால் சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

தாத்தா பாட்டிமார்களுக்காக ஆட்டத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். நடுவில் குனிந்து நிற்பவர் சென்டர். அவர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுக்க, வாங்குபவர்தான் குவார்ட்டர்பேக். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்தால் அது டச்டவுன். எதிரணியினர் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். யாரிடம் எறிவது என்று முடிவு செய்ய அவருக்கு ஏறக்குறைய இரண்டரை, மூன்று வினாடிதான். அந்த மூன்று வினாடியை வாங்கிக் கொடுப்பவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்கள். பெரும்பாலும் ஒவ்வொருவரும் முந்நூறு பவுண்டுக்கு மேல். அவர்களுடைய பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா? சட்டை வாங்கும்போது எந்தப் பிள்ளையாவது அந்த வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிளின் எண்ணைக் கேட்டிருக்கிறதா? ஆண்டின் சிறந்த வீரர் என்று அசோசியேட்டட் பிரஸ் தரும் விருதை 1982-இல் பந்தை உதைக்க மட்டும் களத்துக்கு வரும் மார்க் மோஸ்லிக்குக்கூடக் கொடுத்தார்கள். தாக்குதல் வரிசை லைன்மேன் ஒருவருக்கு இதுவரை கொடுத்ததில்லை.

கோப்பை என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. டாம் பிரேடி ஏழு சூப்பர் பவுல்கள் வென்றவர். (உறுப்பினர் தலையாட்டிவிட்டார், நன்றி.) எந்த ஓர் அணியின் அலமாரியிலும் ஏழு கிடையாது, அதிகபட்சம் ஆறுதான். அணிகள் புது வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் 198 பேரை அழைத்த பிறகு 199-ஆவதாக அழைக்கப்பட்டவர் அவர். 2017 சூப்பர் பவுலில் அட்லாண்டாவுக்கு எதிராக 28-3 என்று பின்தங்கி நின்று, 34-28 என்று வென்று காட்டியவர்.

ஆனால் அதே பிரேடியை 2008 பிப்ரவரியில் பாருங்கள். அந்தப் பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் பதினெட்டு வெற்றிகளோடு சூப்பர் பவுலுக்கு வந்த அணி. நியூயார்க் ஜயண்ட்ஸ் வீரர்கள் அவருடைய லைனை உடைத்து அவரை ஐந்து முறை தரையில் சாய்த்தார்கள். முடிவு 17-14, ஜயண்ட்ஸுக்கு வெற்றி. பிரேடியின் கை அன்று மாறிப் போய்விட்டதா? சுவர் விழுந்தது, அவ்வளவுதான். 2021 சூப்பர் பவுலில் பேட்ரிக் மஹோம்ஸுக்கும் அதே கதை. வழக்கமான இரண்டு டேக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை. இன்றைய ஆட்டக்காரர்களில் மிகத் திறமையானவர் என்று நானும் ஒப்புக்கொள்ளும் அந்த மனிதர், அன்று மாலை முழுவதும் உயிருக்கு ஓடுவதைப் போல ஓடினார். அவர் அணி ஒரு டச்டவுன்கூட எடுக்காமல் 31-9 என்று தோற்றது. எதிரே வென்றவர் யார்? நாற்பத்து மூன்று வயது பிரேடி, நல்ல சுவருக்குப் பின்னால்!

இப்போது நான்காவது அளவுகோலுக்குத் தாவுகிறேன். செயலாளர் அம்மா முறைக்கிறார், ஆனால் இந்தக் கதையைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குச் சோறு செரிக்காது.

1989 ஜனவரி 22, மயாமி. சான்ஃபிரான்சிஸ்கோவும் சின்சினாட்டியும் மோதும் சூப்பர் பவுல். சின்சினாட்டி 16-13 என்று முன்னணியில் இருக்கிறது. கடிகாரத்தில் மீதம் மூன்று நிமிடம் பத்து வினாடி. பந்து எங்கே இருக்கிறது? சான்ஃபிரான்சிஸ்கோவின் சொந்த எல்லையிலிருந்து எட்டே யார்டில். போக வேண்டிய தூரம் 92 யார்டு. சான்ஃபிரான்சிஸ்கோ கோச்சாக பில் வால்ஷுக்கு அதுதான் கடைசி ஆட்டம். வட்டமாகக் கூடி நிற்கிறார்கள். தொலைக்காட்சி விளம்பரம் முடியக் காத்திருக்க வேண்டும். அந்த அமைதி இருக்கிறதே, தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்குத்தான் அது தெரியும். ஹாரிஸ் பார்ட்டன் என்று இருபத்து நான்கு வயது டேக்கிள் ஒருவர். இயல்பாகவே பதற்றக்காரர். முகம் வெளுத்து நிற்கிறார். அப்போது ஜோ மொன்டானா வட்டத்துக்குள் வருகிறார். எல்லாரும் அவர் வாயையே பார்க்கிறார்கள். வீர உரை வரும், வெற்றி அல்லது வீர மரணம் என்று ஏதாவது சொல்வார் என்று பார்க்கிறார்கள். மொன்டானா பார்வையாளர் பக்கம் கண்ணைக் காட்டுகிறார். “ஹாரிஸ், அதோ அங்கே நிற்பது ஜான் கேண்டி தானே?” என்கிறார்!

ஜான் கேண்டி யார்? அந்தக் காலத்தின் பெரிய நகைச்சுவை நடிகர், உருவத்திலும் பெரியவர். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பில், இந்த மனிதர் கூட்டத்தில் நடிகரைத் தேடுகிறார். பார்ட்டன் திரும்பிப் பார்க்கிறார். நிஜமாகவே ஜான் கேண்டிதான் நிற்கிறார்! வட்டத்தில் இருந்த இறுக்கம் அப்படியே கழன்று விழுந்தது. பிறகு நடந்தது வரலாறு. பத்து யார்டு, பதினைந்து யார்டு என்று நகர்ந்துகொண்டே போனார்கள். இரைச்சலை மீறிக் கத்திக் கத்தி மொன்டானாவுக்கு நடுவில் மூச்சு முட்டித் தலைசுற்றியது. ஒரு பந்தை எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டுத் தன்னைச் சரிசெய்துகொண்டார். முப்பத்து நான்கு வினாடி மீதம் இருக்கும்போது ஜான் டெய்லருக்கு ஓர் எறி, டச்டவுன், 20-16. அன்றைய ஆட்டம் முழுவதிலும் டெய்லர் பிடித்த ஒரே பந்து அது.

இந்தக் கதையை எல்லாரும் மொன்டானாவின் நிதானத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். நான் வேறொன்று கேட்கிறேன். அவர் ஏன் அதை பார்ட்டனிடம் சொன்னார்? பந்து பிடிப்பதில் மன்னரான ஜெர்ரி ரைஸ் பக்கத்திலேயே நின்றார். அன்று 215 யார்டு எடுத்து ஆட்ட நாயகன் விருதும் வாங்கியவர் அவர். அவரிடம் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த லைன்மேனிடம் சொன்னார். சித்திரக்காரனுக்குச் சுவரின் அருமை தெரிந்திருந்தது. (கைதட்டல்)

ஆகவே என் வரிசை இது. பிரேடி முதலிடம், அரை மனதோடு. மொன்டானா இரண்டு. நான்கு சூப்பர் பவுல்களில் நான்கையும் வென்றவர், அவற்றில் பதினொரு டச்டவுன் எறிந்து, எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரி பிடிக்க விடாதவர். மூன்றாவது, தம்பிகள் கேள்விப்பட்டிராத பெயர், ஆட்டோ கிரஹாம். கிளீவ்லாந்துக்குப் பத்துப் பருவம் ஆடினார், பத்திலும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார், ஏழில் பட்டம் வென்றார். சூப்பர் பவுல் பிறப்பதற்கு முன் ஆடினார் என்பதற்காக அவரை வரிசையிலிருந்து தள்ளுவது நியாயமா? நான்காவது ஜானி யுனைட்டஸ். ஐந்தாவது பெய்ட்டன் மேனிங், ஐந்து முறை ஆண்டின் சிறந்த வீரர், 2013-இல் 55 டச்டவுன். மஹோம்ஸ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார், பொறுங்கள். டான் மரினோ ரசிகர்கள் வாசலில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். 1984-இலேயே ஐயாயிரம் யார்டைத் தாண்டியவருக்கு ஒரு கோப்பைகூட இல்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது அளவுகோல்களுக்குப் பிறகு வருகிறேன்.

கிரஹாம் பெயர் வந்ததால், இந்த ஆட்டம் உடம்பிடம் வாங்கும் விலையையும் சொல்கிறேன். 1953-இல் ஓர் ஆட்டத்தில் அவர் முகத்தில் முழங்கை ஒன்று இடித்தது. வாயில் தையல் போட்டுக்கொண்டு அதே ஆட்டத்துக்குத் திரும்பினார். கோச் பால் பிரவுன் அவருடைய தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். யுனைட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் எறிந்த அந்த வலது கையால், முதுமையில் அவரால் ஒரு பொருளைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மொன்டானாவுக்குப் பின் சான்ஃபிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஸ்டீவ் யங், 1999-இல் தலையில் வாங்கிய ஓர் அடியோடு மறுபடி களமிறங்கவே இல்லை.

இனி லைன்மேனைப் பாருங்கள். நான்கு சூப்பர் பவுல் வென்ற டெர்ரி பிராட்ஷாவுக்கு ஆண்டாண்டுகளாகப் பந்து கொடுத்த சென்டர் மைக் வெப்ஸ்டர். பதினேழு பருவங்கள் ஆடினார். ஒவ்வோர் ஆட்டத்திலும் பல பத்து முறை தலையால் முட்டி மோதுவதுதான் அந்த வேலை. 1997-இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அதற்குள் அவர் நினைவு குழம்பி, குடும்பம் பிரிந்து, தன் வண்டியிலேயே உறங்கும் நிலைக்கு வந்திருந்தார். 2002-இல் ஐம்பது வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. மீண்டும் மீண்டும் விழும் அடியால் மூளை சிதையும் நோயை அதில் கண்டு 2005-இல் எழுதினார். ஃபுட்பால் லீக்கின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார்கள்.

2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த பாஸ்டன் ஆய்வில், தேசிய லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளைப் பார்த்தார்கள். 110-இல் அந்த நோய் இருந்தது. ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன, எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. மருத்துவர் அம்மா தலையசைக்கிறார், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது இந்த நோயை உறுதியாகக் கண்டறிய இன்றும் வழி இல்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் முன்னோர் உடம்பைப் பற்றித்தான் சொன்னார்கள். இந்த அவையில் இருக்கும் பெற்றோர்களில் எத்தனை பேர் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலைக்கவசம் வாங்கி மாட்டி, மோதும் ஆட்டத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். கவசம் மண்டை ஓட்டைத்தான் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. பதினான்கு வயது வரை மோதும் ஃபுட்பால் வேண்டாம் என்பதுதான் நான் சில காலமாக எல்லாருடைய காதிலும் ஓதிக்கொண்டிருக்கும் செய்தி. பிள்ளை ஆடட்டும், எறியட்டும், ஓடட்டும். இடுப்பில் துணிப்பட்டை கட்டி, அதை உருவினால் ஆட்டம் நிற்கும் ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது உண்டு. நம் பெண் பிள்ளைகளும் ஆடலாம். அதில் மோதி நிற்கும் லைன்மேனே கிடையாது. அப்படியானால் இத்தனை நேரம் நான் சுவர் சுவர் என்று கத்தியது என்னாயிற்று என்று பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். பத்து வயதில் உன் தலைதானப்பா உன் சுவர்.

நகர மன்ற உறுப்பினர் அவர்களுக்கு இதை ஆங்கிலத்தில் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். பூங்காத் துறை இப்போது சனிக்கிழமைக் காலையில் மோதும் ஆட்டத்துக்கு மட்டும் மைதானத்தைக் கொடுக்கிறது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் ஃபிளாக் ஃபுட்பாலுக்கு அந்த நேரத்தில் பாதியை ஒதுக்கித் தர வேண்டும் என்பது விண்ணப்பம். உணவுக்கூட வாசலில், பாயசத்துக்கு முன்னால் இருக்கும் மேசையில் கையெழுத்துத் தாள் வைத்திருக்கிறோம். பேனாவைத் தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள், போன முறை ஏழு பேனா காணாமல் போயிற்று. பயிற்சி கொடுக்க முன்வருபவர்கள் தாளின் பின்பக்கத்தில் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, காலையில் எழுந்திருக்கத் தெரிந்தால் போதும்.

விதிகள் மாறியதையும் புள்ளிவிவரத்தையும் பற்றிப் பேச வைத்திருந்த தாள்கள் அப்படியே இருக்கின்றன. செயலாளர் அம்மா எழுந்தே விட்டார். பறைக் குழுவினர் மேடைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். தம்பிகளே, உள்ளே வாருங்கள். நன்றி, வணக்கம்.