எதிராளி இல்லாத மேசையில் ஒரு கடற்போர்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்னஞ்சிறு மாதிரிக் கப்பல்களை மேசையில் நகர்த்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு ஆடும் கடற்போர் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், எதிரே யாரும் உட்காராமல் ஒருவரே இரண்டு தரப்பையும் நடத்தும் ஆட்டம். சதுரங்கத்தில் வெள்ளையையும் கறுப்பையும் தானே மாற்றி மாற்றி நகர்த்திப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும். வெள்ளை போடும் திட்டம் கறுப்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஆட்டம் எங்கே இருக்கிறது?

கடற்போரில் இதற்கு வழி உண்டு. பெரிய கப்பல் நினைத்த மாத்திரத்தில் திரும்பாது. நீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கும் டார்பிடோவை ஏவிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது. தொடுவானத்தில் தெரிவது யாருடைய கப்பல் என்பதும் நெடுநேரம் சந்தேகம்தான். இந்தத் தாமதத்தையும் சந்தேகத்தையும் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டால் தனியாள் ஆட்டம் உயிர்பெற்றுவிடும். நமக்குத் தெரிந்தது நம் கப்பல்களுக்குத் தெரியக் கூடாது. இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவுகள். 180 சென்டிமீட்டர் நீளம், 120 அகலமுள்ள மேசை போதும். ஒரு சென்டிமீட்டர் 200 மீட்டர் என்று வைத்தால் மேசையின் நீளம் 36 கிலோமீட்டர் கடலாகிவிடும். ஒரு சுற்று மூன்று நிமிடம். அப்போது ஒரு நாட், அதாவது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் அரை சென்டிமீட்டர் நகர்வு. 28 நாட் வேகத்தில் போகும் க்ரூஸர் என்னும் நடுத்தரப் போர்க்கப்பல் ஒரு சுற்றில் 14 சென்டிமீட்டர் போகும். துல்லியமாகக் கணக்கிட்டால் 13தான் வரும். எல்லாக் கப்பலுக்கும் ஒரே கணக்கு என்பதால் பாதகமில்லை.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். 186 மீட்டர் நீளமுள்ள கப்பல், மூவாயிரத்தில் ஒரு பங்கு மாதிரியில் 6.2 சென்டிமீட்டர். அந்த மாதிரியே மேசைக் கடலில் ஒன்றேகால் கிலோமீட்டரை அடைத்துக்கொள்கிறது. தூரத்தை ஒருமுறை முன்மூக்கிலிருந்தும் மறுமுறை பின்பக்கத்திலிருந்தும் அளந்தால் கணக்கு கெட்டது. கப்பலின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அளப்பதெல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான்.

அடுத்தது கட்டளை. உங்கள் தரப்புக்கு மூன்று சுற்றுக்கான திசையையும் வேகத்தையும் முன்கூட்டியே நோட்டில் எழுதிவிடுங்கள். எதிரிக்குப் பகடை உருட்டுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறவே கூடாது. எதிரியின் பகடையைப் பார்த்துவிட்டு நம் கட்டளையை எழுதினால், நம்மை அறியாமலே கை நமக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும். பென்சில் வேண்டாம், பேனா எடுங்கள்.

எதிரி எப்படி முடிவெடுப்பான்? ஓர் ஆறுமுகப் பகடை. ஒன்று, இரண்டு விழுந்தால் விலகிப் போகிறான். மூன்று, நான்கு என்றால் அதே திசையில் போய்க்கொண்டே சுடுகிறான். ஐந்து, ஆறு என்றால் நெருங்குகிறான். தான்தான் பலசாலி என்று நம்பினால் ஒன்று கூட்டுங்கள். அடி விழ விழ அழித்துக்கொண்டுவரும் சேதக் கட்டங்களில் பாதி அழிந்திருந்தால் ஒன்று கழியுங்கள். இரண்டு திசையிலிருந்து அடி வாங்கினாலும் ஒன்று கழியுங்கள்.

இந்தப் பகடையை ஒவ்வொரு சுற்றிலும் உருட்டாதீர்கள். பலருக்கு ஆட்டம் கசந்துபோவது இங்கேதான். ஒரு சுற்றில் பாய்வதும், மறு சுற்றில் ஓடுவதும், அடுத்ததில் மறுபடி பாய்வதுமாகக் கப்பல் தடுமாறும். எந்தக் கேப்டனும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மனம் மாறுவதில்லை. புதுக் கப்பல் கண்ணில் படும்போது, டார்பிடோ தெரியும்போது, சேதம் பாதியைத் தாண்டும்போது, தலைமைக் கப்பல் வீழும்போது, இப்படி நிலைமை மாறினால் மட்டும் உருட்டுங்கள். மற்ற நேரத்தில் எடுத்த முடிவு நிற்கட்டும்.

இனி, எனக்கு மிகப் பிடித்த பகுதி: மறைப்பு அட்டைகள். எதிரியின் உண்மைக் கப்பல் ஒன்றுக்கு இரண்டு வெற்று அட்டைகள் என்று கலந்து, முகம் கவிழ்த்து மேசையில் வையுங்கள். எது கப்பல், எது வெறும் அலை என்று உங்களுக்கே தெரியாது. தெளிவான பகலில் 100 சென்டிமீட்டருக்குள், அதாவது 20 கிலோமீட்டருக்குள் வந்தால் அட்டையைத் திருப்பலாம். இரவில் 15 சென்டிமீட்டர்.

பார்வையை மறைப்பதன் அருமையை நன்றாக உணர்ந்த இடம் ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் லிவர்பூலின் டெர்பி ஹவுஸில், கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் கடற்படையின் ஒரு பயிற்சிப் பிரிவு இயங்கியது. தரைதான் அங்கே அட்லாண்டிக் கடல். பயிற்சிக்கு வந்த கடற்படை அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று, சிறு துளை வழியாகத்தான் தரையைப் பார்க்க வேண்டும். கப்பல்களின் தடத்தைச் சாக்கட்டியால் வரைந்தார்கள். நீர்மூழ்கியின் தடத்துக்கு மட்டும் பச்சைச் சாக்கட்டி, ஏனென்றால் துளை வழியாகப் பார்ப்பவருக்கு அது தெரியாது. அசல் கேப்டன் பார்ப்பது எவ்வளவோ, அவ்வளவே ஆட்டக்காரருக்கும். நம் கவிழ்த்த அட்டை செய்வதும் அதே வேலை.

அட்டையைத் திருப்பியதும் உண்மை முழுதாக வெளிவந்துவிடக் கூடாது. 1939 டிசம்பர் 13ஐ நினைத்துப் பாருங்கள். தென் அமெரிக்கக் கரையருகே நடந்த ரிவர் பிளேட் கடற்போர். ஜெர்மானியக் கப்பல் அட்மிரல் கிராஃப் ஷ்பே, 28 சென்டிமீட்டர் பீரங்கி ஆறு. எதிரே பிரிட்டிஷ் கமடோர் ஹார்வுட்டின் மூன்று க்ரூஸர்கள்: எட்டு அங்குலப் பீரங்கி ஆறு கொண்ட எக்ஸெட்டர், ஆறு அங்குலப் பீரங்கி எட்டெட்டு கொண்ட ஏஜாக்ஸ், அக்கிலீஸ். எக்ஸெட்டரைச் சரியாக அடையாளம் கண்ட கிராஃப் ஷ்பேயின் கேப்டன் லாங்ஸ்டார்ஃப், மற்ற இரண்டையும் க்ரூஸரைவிடச் சிறிய டிஸ்ட்ராயர் என்று எண்ணிவிட்டார். அந்த எண்ணத்தோடுதான் நெருங்கினார். ஆகவே, அட்டையைத் திருப்பும்போது ஒரு பகடை உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் எதிரி தன் கண்ணில் படும் உங்கள் கப்பலை ஒரு வகை கீழாக எண்ணிக்கொள்கிறான். 50 சென்டிமீட்டருக்குள் வரும்வரை அந்தத் தவறான எண்ணத்தை வைத்தே அவன் பலத்தைக் கணக்கிடுங்கள். தான் பலசாலி என்று நம்பினால் ஒன்று கூட்டச் சொன்னேன் அல்லவா? ‘நம்பினால்’ என்று சொன்னது இதற்காகத்தான்.

தனியாளாகத் தொடங்குபவருக்கு இந்தப் போரைவிடப் பொருத்தமானது இல்லை. மொத்தம் நான்கே கப்பல். முதல் குண்டு காலை 6.18க்கு, முக்கியச் சண்டை 7.40 வாக்கில் ஓய்ந்தது. மூன்று நிமிடச் சுற்றுக் கணக்கில் 27 சுற்று, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். கிராஃப் ஷ்பேயைப் பகடையிடம் விட்டுவிட்டு நீங்கள் ஹார்வுட்டாக இருங்கள். அவர் செய்ததுபோல எக்ஸெட்டரை ஒரு பக்கமும் மற்ற இரண்டை மறுபக்கமும் அனுப்பினால், எதிரி குறியை மாற்ற வேண்டிவரும். குறி மாறிய முதல் சுற்றில் அவன் சுடும் பகடைக்கு ஒன்று கழியுங்கள், தூரத்தை அவன் புதிதாகக் கணிக்க வேண்டுமே!

எக்ஸெட்டரின் கட்டளை மேடை சிதைந்ததும், கேப்டன் பெல் பின்பக்கம் போய், வரிசையாக நின்ற மாலுமிகள் வாய்வழியாகத் தன் கட்டளையைச் சுக்கான் அறைக்குக் கடத்தினார். மேசையில் இதைக் காட்டுவது எளிது. மேடையில் அடி விழுந்த கப்பலுக்கு, எழுதிய கட்டளை ஒரு சுற்று தாமதமாக நடக்கும். மாதிரியின் பக்கத்தில் ஒரு பொத்தானை வையுங்கள், மறக்காது.

டார்பிடோவைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாக: ஏவிய இடம், திசை, சுற்று எண் மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். மேசையில் எதையும் வைக்காதீர்கள். 30 நாட் என்றால் சுற்றுக்கு 15 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டருக்குள் வந்த பிறகுதான் எதிரி பார்த்தானா என்று பகடை. ஐந்து, ஆறு விழுந்தால் பார்த்துவிட்டான், திரும்பலாம். உங்கள் கப்பலை நோக்கி எதிரி ஏவும்போது ஆறு சீட்டில் ஆறு திசை எழுதிக் குலுக்கி, ஒன்றைப் பிரிக்காமலே எடுத்து வையுங்கள். உங்கள் மூன்று சுற்றுக் கட்டளையை எழுதி முடித்த பிறகு பிரிக்கலாம்.

நன்றி. வணக்கம்.