‘மிக அவசரம்’ என்று எழுதும் முன்

(கோபிசெட்டிபாளையத்தில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏறுவதற்குள் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்துவிட்டது. வாசிக்கிறேன், கேளுங்கள்: “மிக அவசரம். ஓ பாசிட்டிவ் ரத்தம் தேவை. கோவை. தயவுசெய்து பகிரவும்.” இவ்வளவுதான். கோவையில் எந்த மருத்துவமனை? எத்தனை யூனிட்? இன்றைக்கா, நாளைக்கா? யாரைக் கூப்பிடுவது? ஒன்றும் இல்லை. எழுதியவர் பதறிப்போய்த்தான் எழுதியிருப்பார். அந்தப் பதற்றம் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது, விலாசம்தான் வரவில்லை.

ஈரோடு, திருப்பூர், கோவை பக்கத்தில் ரத்தம் கொடுப்பவர்களையும் கேட்பவர்களையும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக இணைத்துவிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது. குழுவில் இருக்கும் எல்லோரும் வேறு பிழைப்பு உள்ளவர்கள். ஒருவர் பவானியில் ஜமுக்காளம் நெய்கிறார். இன்னொருவர் திருப்பூரில் பனியன் கம்பெனித் தையல்காரர், பீஸ் ரேட், தைத்த துணிக்குத்தான் கூலி. அரை நாள் எழுந்து போனால் யாரும் அவரைத் திட்ட மாட்டார்கள், ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். உதவி கேட்பவர் அந்தச் சனிக்கிழமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கீழ்பவானி வாய்க்காலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத்தான் விடுகிறார்கள். கொடையாளரின் உடம்பும் முறை வைத்த மதகுதான். ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் 90 நாட்களுக்கும், பெண் 120 நாட்களுக்கும் மறுபடி கொடுக்கக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று பத்துப் பேரை வரவழைத்து எல்லோரிடமும் ரத்தம் எடுத்துவிட்டால், அடுத்த மூன்று மாதம் அந்தப் பத்து மதகும் அடைப்புதான். நாளைக்கே ஒரு பிரசவத்துக்குத் தேவைப்பட்டால் நான் யாரைக் கூப்பிடுவேன்?

எங்கள் குழுவில் குமாரபாளையத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் இருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கப் போகும் நேரத்தில் நான் கூப்பிட்டேன். மறுபேச்சு இல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனார். நூறு கிலோமீட்டர். அங்கே போனால், “காலையிலேயே மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் கிளம்பலாம்” என்றார்கள். நோயாளியின் உறவினருக்கு எட்டு மணிக்கே ஆள் கிடைத்துவிட்டது. ‘கிடைத்துவிட்டது’ என்ற ஒரு சொல்லை எங்களுக்குத் தட்டிவிட அவருக்குத் தோன்றவில்லை. நான் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “பரவாயில்லைங்க” என்றார். அன்று மாலையே குழுவிலிருந்து விலகிவிட்டார்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏ நெகட்டிவ் கேட்டு ஒரு செய்தி வந்தது. தேதி இல்லை. அரிய வகை ஆயிற்றே என்ற பதற்றத்தில் நானும் ஆறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். பிறகுதான் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் மகன். “அப்பா இறந்து நாலு மாதம் ஆகிறது. இன்னமும் தினம் இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள்” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. அன்றிலிருந்து தேதியும் நேரமும் இல்லாத எதையும் நான் பகிர்வதில்லை. கூப்பிட்டு உறுதி செய்த பிறகுதான் மற்றது.

நேரத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. கையில் ஊசி குத்தி எடுத்ததும் அந்தப் பை நேராக நோயாளியிடம் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனைகள் செய்தாக வேண்டும். அதற்குச் சில மணி நேரம் போகும். ஆகவே வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று போன வாரமே தெரிந்தவர்கள் புதன்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கேட்பதில் யாருக்கும் பயன் இல்லை. நேரமே கேளுங்கள். விபத்து, பிரசவம் என்றால் நள்ளிரவிலும் கூப்பிடுங்கள், எழுந்து உட்காருகிறோம். ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) கதை வேறு. அவை ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. டெங்கு காலத்தில் அவற்றை முன்கூட்டியே சேர்த்து அடுக்கிவைக்க வழியில்லை. அவற்றைக் கேட்கும்போது, அவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் இயந்திரத்தோடு கொடுப்பவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வரவழைத்தால், வந்தவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆட்டுக்குட்டியைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிற ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நம்மைக் கேலி செய்வார்கள். உண்மைதான். ஒரு விசேஷத்துக்கு அழைப்பதென்றால் வீடு தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைப்போம். அதே நாம் கைப்பேசியை எடுத்ததும் “பி பாசிட்டிவ் உடனே வேண்டும், இருக்கிறதா இல்லையா” என்று எழுதுகிறோம். மளிகைக் கடையில்கூட யாரும் இப்படிக் கேட்பதில்லை.

‘இல்லை’ என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று குடையாதீர்கள். எடை 45 கிலோவுக்குக் கீழே இருக்கலாம், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைவாக இருக்கலாம், உங்களிடம் சொல்ல விரும்பாத வேறு ஒன்றாகவும் இருக்கலாம். ரத்தம் கொடுக்க வந்த பெண்ணின் எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுநாள் “சாப்பிட்டீர்களா” என்று செய்தி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அதனாலேயே எங்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்ன பெண்கள் உண்டு. இப்போது பெண்களின் எண்ணை நாங்கள் வெளியே கொடுப்பதில்லை, நாங்களே பேசி ஏற்பாடு செய்கிறோம்.

பணம் கொடுப்பதும் வேண்டாம். காசுக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. நன்றி சொல்ல வேண்டுமென்றால், நோயாளி வீடு திரும்பிய அன்று ஒரு வரி எழுதுங்கள். பவானி நெசவாளர் அப்படி வந்த செய்திகளை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டார்.

வெளியே மேசையில் படிவம் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் எழுதலாம். ‘கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். இதுவரை கொடுத்ததில்லை என்றால் கோடு போட்டு விடுங்கள். போன கூட்டத்தில் ஒரு தம்பி அதில் தன் பிறந்த தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.