அடிபட்ட விலங்கைத் தூக்கினால் சட்டம் என்ன சொல்லும்?

[காட்சி: பெல்லன்வில – அத்திடிய சதுப்பு நிலம், அதிகாலை. நாணலுக்குப் பின்னால் மாடிக் கட்டடங்கள்.]

குரல்:
இது கொழும்பின் ஓரம். வெள்ளவத்தையில் ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். இந்த நாணலுக்குள் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. ராத்திரியில் கால்வாய் ஓரமாக நடந்து, சில வேளை வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் அலங்கார மீனையும் பிடித்துத் தின்றுவிட்டுப் போகும். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தைக் கொழும்புக்கு வாங்கிக் கொடுத்தவை இப்படிப்பட்ட சதுப்பு நிலங்கள்தான்.

[காட்சி: மீன்பிடிப் பூனைக் குட்டியின் ஓவியம், அருகில் வீட்டுப் பூனைக் குட்டி.]

இரண்டையும் பாருங்கள். மீன்பிடிப் பூனைக் குட்டிக்கு வால் கட்டை, காது சின்னது, வட்டம். சாம்பல் மேனியில் கறுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும். தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து யாரோ ஒருவர் இதைக் கண்டு, "ஐயோ பாவம், தாயில்லாத குட்டி" என்று துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போகிறார். மனசு நல்ல மனசு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் கையில் இருப்பது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

இலங்கையின் 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 2009இல் பெரிய அளவில் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதிப்பத்திரம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்பது அதன் அடிப்படை. மீன்பிடிப் பூனை, தேவாங்கு, அழுங்கு, நட்சத்திர ஆமை எல்லாம் இதற்குள் அடங்கும். வீட்டுக் கூரையில் கத்தும் காகம் அடங்காது.

இவ்வளவு கடுமை தேவைதானா? தேவைதான். நட்சத்திர ஆமைகளை வளர்ப்புப் பிராணிகளாக விற்கக் கடல் வழியாகக் கடத்துகிறார்கள். "காயப்பட்டிருந்தது, குணமாக்க வைத்திருந்தேன்" என்ற ஒரு வார்த்தையில் வழக்கு முடிந்துவிடுமானால், கடத்துகிற ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்லுவார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அன்பிலிருந்தே வருகிறது.

[காட்சி: சப்பாத்துப் பெட்டிக்குள் கண் திறக்காத அணில் குஞ்சு. பக்கத்தில் பால் நிரப்பிய சிரிஞ்ச்.]

தென்னையில் கூடு கலைந்து விழுந்த அணில் குஞ்சு. உடம்பு குளிர்ந்து கிடக்கிறது. பசிக்குமே என்று உடனே பசும்பால் கொடுக்கிறோம். குளிர்ந்த குடலுக்கு எதையும் செரிக்க முடியாது. பசும்பாலோ வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், மூக்கில் ஒரு சின்னக் குமிழ் வரும். மறுநாள் குஞ்சு இருக்காது. சூடு முதலில், உணவு அப்புறம். பழகியவர்களுக்கு இது கைவந்த விஷயம், மற்றவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

தப்பிப் பிழைத்தாலும் சிக்கல் தீராது. மனிதர் கையில் வளர்ந்த குட்டி மனிதருக்குப் பயப்படாது; வெளியே போனால் அதுவே அதற்கு ஆபத்து. கீரி, மரநாய் போன்ற காட்டு விலங்குகளுக்கும் விசர்நோய் வரலாம் என்பதால் தூக்குகிறவரின் உயிரும் இதில் இருக்கிறது.

ஆகவே சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சட்டத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும் நடுவில் கிடக்கும் சில மணி நேரங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இரவு பத்து மணி. மின்கம்பியில் அடிபட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று தெருவில் கிடக்கிறது, நெஞ்சில் குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அத்திடியவில் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆனால் திணைக்களத்தின் மிருக வைத்தியர்கள் சிலர்தான், துப்பாக்கிச் சூடுபட்ட யானைக்கும் அவர்கள்தான் ஓட வேண்டும். யானை என்று வந்தால் அரசு இந்த வேலையை அருமையாகச் செய்கிறது. 1995இல் தொடங்கிய உடவளவ யானைக் குட்டிகள் இல்லம், தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்து, மனிதரோடு அதிகம் பழகவிடாமல் வளர்த்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் காட்டுக்கே அனுப்பியிருக்கிறது. ஆந்தைக்கும் வௌவாலுக்கும் அப்படி ஓர் இடம் ஊருக்கு ஊர் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள் தன்னார்வலர்கள். அலுவலகம் முடிந்து வந்து, இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து, சொந்தக் காசில் மருந்து வாங்குகிறவர்கள். சட்டத்திலிருந்து அவர்களுக்கு உள்ள பாதுகாப்பு இன்று அந்தந்த அதிகாரியின் நல்ல மனசைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இது அவர்களுக்கும் நியாயமில்லை, அதிகாரிக்கும் நியாயமில்லை.

[திரையில்: பிரிட்டன், அமெரிக்கா]

மற்ற நாடுகள் இதை எழுதியே வைத்திருக்கின்றன. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி, நீங்கள் சட்டவிரோதமாகக் காயப்படுத்தாத ஒரு பறவையை, குணமாக்கி விடுவதற்காக மட்டும் எடுத்தால் குற்றமில்லை.

அமெரிக்காவில் பிடி கொஞ்சம் இறுக்கம். அடிபட்ட வலசைப் பறவையை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். ஆனால் உடனடியாக அனுமதி பெற்ற பராமரிப்பாளரிடம் சேர்த்துவிட வேண்டும். அந்த அனுமதிக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு காலத்தில் 100 மணி நேரப் பயிற்சி வேண்டும். தனி அனுமதி இல்லாமல் ஒரு பறவையை 180 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பராமரித்த பறவைகளின் கணக்கை வருடா வருடம் ஒப்படைக்க வேண்டும். கேட்கவே கஷ்டமான ஒரு விதியும் உண்டு: தானாகத் தின்னவோ நிமிர்ந்து உட்காரவோ இனி முடியாது என்றான பறவையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். கூண்டில் வைத்து நம் மனசை ஆற்றிக்கொள்ள அந்த விதி இடம் தராது. முதலில் எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. இப்போது சரி என்றே படுகிறது.

இங்கே இதை அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. தூக்கியவருக்குக் குறுகிய காலப் பாதுகாப்பு, அதற்குள் தகவல் சொல்லும் கடமை. பயிற்சி பெற்றவருக்குப் பெயர் போட்ட, ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் அனுமதி. பொறுப்பெடுக்க ஒரு மிருக வைத்தியர். மீன்பிடிப் பூனை, தேவாங்கு போன்றவை மட்டும் நேராகத் திணைக்களத்துக்கே போக வேண்டும். பயிற்சியும் படிவமும் தமிழிலும் இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஆந்தைக் குஞ்சைத் தூக்கும் பெண்ணுக்கும் விதி புரிந்தால்தான் விதி வேலை செய்யும்.

[திரையில்: 1992]

அப்படி ஒரு விதி வரும்வரை செய்ய வேண்டியது இது. குட்டிக்குக் காயமில்லை என்றால் தூரத்தில் நின்று பாருங்கள், தாய் திரும்பி வரக்கூடும். காயம் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். காற்றோட்டமான பெட்டி, இருட்டு, அமைதி. பாலும் வேண்டாம், செல்பியும் வேண்டாம். திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதிவையுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எடுத்த இடத்தையும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தெரு, எந்த மதில், எந்த மரம். குணமானதும் விலங்கைக் கொண்டுபோய் விட வேண்டியது அங்கேதான்.