பின்னால் வரும் ஜீப்புக்கு யார் பிரேக் போடுவது?

வணக்கம் நண்பர்களே. காற்றின் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பிற்பகல் ஆகிவிட்டால் இப்படித்தான் வீசும். கலிபோர்னியாவில் பிஷப் என்ற ஊருக்கு வெளியே ஒரு முகாமிடத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரியும் மலை மவுண்ட் டாம். இன்று காலை மேமத் லேக்ஸ் பக்கமிருந்து 395ஆம் நெடுஞ்சாலையில் இறங்கி வந்தேன். ஷெர்வின் உச்சி 7,000 அடி உயரம். பிஷப் ஏறத்தாழ 4,150 அடி. நடுவில் 6 சதவீதச் சரிவு. அதாவது நூறு அடி முன்னே போனால் ஆறு அடி கீழே இறங்குகிறீர்கள். பின்னால் ஜீப்பை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் நிதானமாக வந்து சேர்ந்தேன். அந்த நிதானம் எனக்கு எளிதில் வந்துவிடவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கேமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன். இது என் மோட்டார்ஹோம், வீடும் வண்டியும் ஒன்றான வாகனம். சி வகுப்பு என்ற நடுத்தர அளவு, ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டியது. முழுச் சுமையோடு இதன் எடை 14,500 பவுண்டு வரை இருக்கலாம். அதன் பின்னால், இந்த இழுவைக் கம்பியில் கோத்திருப்பது ஜீப் ராங்ளர். நான்கு சக்கரங்களும் தரையில் உருள்கின்றன, டிரெய்லர் எதுவும் கிடையாது. இங்கே இப்படி இழுத்துச் செல்லும் காரைச் செல்லமாக 'டோட்' என்று அழைக்கிறார்கள். சாமான்களோடு சேர்த்து என் ஜீப்பை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது 4,400 பவுண்டு காட்டியது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். மேட்டில் ஏறும்போது மாடு வண்டியை இழுக்கும். இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும். பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் நுகத்தடியை மாட்டின் கழுத்தில் அழுத்தும்போது, வண்டிக்காரர் கீழே குதித்துப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பார். என் மோட்டார்ஹோம்தான் அந்த மாடு, ஜீப்தான் பாரம். பின்னாலிருந்து பிடித்து இழுக்க ஆள் வேண்டும். ஜீப்பின் பிரேக்கைத் தானாக அழுத்தும் துணைப் பிரேக் அமைப்புதான் அந்த ஆள்.

"இவ்வளவு பெரிய வண்டிக்கு ஒரு ஜீப் என்ன பெரிய பாரம்?" என்று பலர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 14,500க்கு 4,400 என்பது 30 சதவீதம். அதே வேகத்தில், அதே பிரேக் விசையில், நிறுத்தும் தூரமும் 30 சதவீதம் கூடும். 200 அடியில் நிற்க வேண்டிய வண்டி 260 அடியில் நிற்கும். அந்த 60 அடிக்குள் இரண்டு மூன்று கார்கள் நிற்க இடம் இருக்கிறது. வளைவில் திடீரென்று மிதித்தால், பின்னாலிருந்து வரும் தள்ளல் வண்டியின் வாலையே ஒரு பக்கமாக நகர்த்தப் பார்க்கும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. இ-450இல் இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் சேர்ந்து 22,000 பவுண்டு வரை போகலாம் என்று தாளில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "என் இரண்டு வண்டியும் சேர்ந்து 18,900தான், பிறகென்ன கவலை?" என்று இருந்துவிடுவார்கள். அந்த 22,000 என்பது என்ஜினும் கியர்பெட்டியும் இழுக்கக்கூடிய அளவு. மோட்டார்ஹோமின் பிரேக்குகள் அதன் சொந்த எடையான 14,500 பவுண்டை நிறுத்துவதற்காக அளந்து வைத்தவை. ஃபோர்டின் இழுவைக் கையேடே 1,500 பவுண்டுக்கு மேல் எதை இழுத்தாலும் அதற்குத் தனியாக வேலை செய்யும் பிரேக் வேண்டும் என்கிறது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் டிரெய்லருக்கு 3,000 பவுண்டு என்று கோடு போட்டிருக்கிறார்கள். சட்டத்தில் சந்து தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. நிறுத்தும் தூரம் எந்த மாநில எல்லையிலும் மாறுவதில்லை.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். அப்போது நான் வைத்திருந்த துணைப் பிரேக் தூக்கி வைக்கும் பெட்டி வகை. ஜீப்பின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து, அதன் கையை பிரேக் மிதியில் கவ்வ விட்டு, இருக்கையை முன்னே தள்ளிப் பெட்டியின் முதுகுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். அன்று அவசரத்தில் இருக்கையைத் தேவைக்கு மேல் முன்னால் தள்ளிவிட்டேன். மிதி ஒரு விரற்கடை அழுந்தியபடியே நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. ஜீப்பின் மிதி அழுந்துவதைத் தெரிவிக்க மோட்டார்ஹோமின் ஓட்டுநர் அறையில் வைக்கும் காட்டி கூடுதல் விலை என்று அதை வாங்காமல் விட்டிருந்தேன். சாலையோ மேடு. என்ஜின் திணறியதற்கு மேடுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

லெபெக் அருகே ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியபோது எரிந்த வாடை வந்தது. ஜீப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அனல் அடித்தது. பிரேக் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. அங்கிருந்து சில மைல் தள்ளி கிரேப்வைன் இறக்கம் தொடங்குகிறது. 6 சதவீதச் சரிவு மைல் கணக்கில் நீளும், லாரிகள் தறிகெட்டால் ஏறி நிற்பதற்கு மணல் பாதை போட்டு வைத்திருக்கும் இடம். அந்த நிலையில் அதில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெடும். ஜீப்பை இழுவை லாரியில் ஏற்றி பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பினேன். அந்தப் பெட்டியில் எந்தக் குறையும் இல்லை. பின்னால் நடப்பது என்னவென்று தெரியாமல் ஓட்டியதுதான் தவறு.

அதனால் துணைப் பிரேக் வாங்கப் போகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஜீப்பின் மிதி அழுந்துகிறதா இல்லையா என்பது உங்கள் இருக்கையிலிருந்தே தெரியுமா? அது பச்சை விளக்கோ சிறு திரையோ, எதுவாகவும் இருக்கட்டும். காட்டி இல்லாத அமைப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது உங்கள் மோட்டார்ஹோமின் பிரேக் எந்த வகை என்பது. என்ஜின் பின்னால் இருக்கும் பெரிய டீசல் வண்டிகளில் பெரும்பாலும் காற்று பிரேக் இருக்கும். அவர்களுக்கு வேலை எளிது. ஏர் ஃபோர்ஸ் ஒன் போன்ற துணைப் பிரேக் அமைப்புகள் அந்தக் காற்றழுத்தத்திலிருந்தே ஆணை வாங்கிக்கொள்கின்றன. நீங்கள் மெதுவாக மிதித்தால் ஜீப்பிலும் மெதுவாக, ஓங்கி மிதித்தால் ஓங்கி. அளவுக்கு அளவு. காற்று பிரேக் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. என் வண்டியில் இருப்பது எண்ணெய் அழுத்தப் பிரேக். ஆகவே அந்தக் கதவு எனக்கு மூடிவிட்டது.

மூன்றாவதாக, இழுபடும் காரின் மிதி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் யாரும் இதை விளக்குவதில்லை. பெரும்பாலான கார்களில் பிரேக்குக்கு உதவுவது வெற்றிடம். என்ஜின் ஓடும்போது, மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் என்ற பகுதிக்குள் வெற்றிடம் உண்டாகும். அதனால்தான் கால் பட்டாலே பிரேக் பிடிக்கிறது. இழுபடும்போது என்ஜின் ஓடாது. உள்ளே மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துவிடும். அதன் பிறகு மிதி கல்லாகிவிடும். பெட்டி வகை அமைப்புகள் அந்தக் கல் மிதியை அழுத்தும் அளவுக்குப் பலத்தோடு செய்யப்பட்டவை. அதனால் பெட்டியை வைப்பதற்கு முன், என்ஜினை அணைத்துவிட்டு மிதியை நான்கைந்து முறை அமுக்கி வெற்றிடத்தைத் தீர்த்துவிட வேண்டும். தீர்க்காமல் விட்டால் அதே பலம் மென்மையான மிதியின் மேல் விழும். முதல் பிரேக்கிலேயே சக்கரம் பூட்டிக்கொண்டு தேயும். ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் என்ஜின் ஓடாவிட்டாலும் மிதி உயிரோடுதான் இருக்கும். அப்படிப்பட்ட கார் வைத்திருந்தால், அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்த அமைப்பை மட்டும் வாங்குங்கள்.

பெட்டி வகையில் பிரேக் பட்டி, ப்ளூ ஆக்ஸ் பேட்ரியட், ரோட்மாஸ்டர் ஈவன் பிரேக் ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். காரை மாற்றினால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆண்டுக்கு இரண்டு பயணம் போகிறவர்களுக்கு அது போதும். ஒரே ஊரில் மாதக் கணக்கில் தங்குபவர்களுக்கும் போதும். நான் அப்படி இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை கழற்றி மாட்டுகிறேன். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் லெபெக்கில் நடந்தது மறுபடி நடக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. களைத்துப்போன மாலையில், மழையில், இருட்டில் என் கை தவறும். அதனால் காருக்குள்ளேயே நிலையாகப் பொருத்தும் வகைக்கு மாறினேன். இன்விசிபிரேக், ஸ்டே-இன்-பிளே டூவோ போன்றவை அந்த வகை. இப்போது மின்கம்பி இணைப்பைச் செருகினால் போதும். ஓட்டுநர் இருக்கையைத் தொடவே வேண்டாம். இரு வகைக்கும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். நிலையான வகைக்குப் பொருத்தும் கூலியும் சேரும்.

மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு ரெடிபுரூட் வகை இருக்கிறது. இழுவைக் கம்பியிலேயே நெம்புகோல் இருக்கும். மோட்டார்ஹோம் வேகம் குறைந்தால் ஜீப் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலே ஒரு கம்பிவடத்தை இழுத்து மிதியை அழுத்தும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிரேக். எளிமையான, அழகான யோசனை. ஆனால் நீண்ட இறக்கத்தில் நீங்கள் மிதியைத் தொடாமல், கியரைக் குறைத்து என்ஜின் பிரேக்கிலேயே இறங்கினாலும் ஜீப் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். மிதியும் லேசாக அழுந்திக்கொண்டே இருக்கும். நான் போவதெல்லாம் மலைப்பாதை என்பதால் அதை எடுக்கவில்லை.

இறக்கம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எப்போது மிதியை அழுத்துவது என்று முடிவு செய்ய, மின்சார அமைப்புகளில் வேகம் குறைவதை உணரும் கருவி இருக்கிறதே, அது சரிவையும் வேகக் குறைவையும் தானாகப் பிரித்தறியாது. 6 சதவீதச் சரிவில் ஒரே வேகத்தில் போனாலும், மெதுவாக பிரேக் போட்டது போலவே அதற்குத் தோன்றும். ஆகவே இரண்டு சாட்சி கேட்கும் அமைப்பைத் தேடினேன். வேகமும் குறைய வேண்டும், மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கும் எரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் என் ஜீப்பின் மிதி அழுந்தும். இன்று காலை ஷெர்வின் இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜின் பிரேக்கில் இறங்கியபோது காட்டி ஒரு முறைகூட ஒளிரவில்லை. லாரி ஒன்று குறுக்கே வந்து நான் மிதித்தபோது உடனே ஒளிர்ந்தது. கீழே வந்து சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடிந்தது.

பொருத்தும்போது விளக்குகளையும் கவனியுங்கள். ஜீப்பின் மிதி அழுந்தினால் அதன் சொந்த பிரேக் விளக்கும் எரியும். மோட்டார்ஹோமிலிருந்து வரும் திருப்ப விளக்கு அதே பல்பில் வந்தால், பிரேக் வெளிச்சம் திருப்பக் குறியை விழுங்கிவிடும். பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்றே தெரியாது. தனி பல்பு வைக்கலாம், அல்லது இழுபடும்போது ஜீப்பின் பிரேக் விளக்கைத் துண்டிக்கும் ரிலே வைக்கலாம். நான் ரிலே வைத்தேன்.

அழுத்த அளவை எப்படிச் சரிசெய்தேன் என்றும் காட்டுகிறேன். காலியான ஒரு வாகன நிறுத்தத்தில், ஜீப்பின் உள்ளே மிதியைப் பார்த்தபடி கைபேசியைக் கட்டி வைத்து, வீடியோவை ஓடவிட்டு, 25 மைல் வேகத்தில் பத்து முறை பிரேக் போட்டேன். இதோ, திரையின் ஓரத்தில் அந்தக் காட்சியைப் போடுகிறேன். முதல் மூன்று முறை மிதி அசையவே இல்லை, அளவு போதவில்லை. ஏழாவது முறை டயர் கிறீச்சிட்டது, அளவு கூடிவிட்டது. பிறகு ஒரு படி குறைத்தேன். பின்னாலிருந்து யாரோ மெதுவாகப் பிடித்து இழுப்பது போன்ற உணர்வு வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இருட்டுவதற்குள் இதையும் காட்டிவிடுகிறேன். ஜீப்பின் முன்புறம் இந்தச் சிறிய சுவிட்சைப் பாருங்கள். இதிலிருந்து ஒரு வடம் மோட்டார்ஹோமின் சட்டத்துக்குப் போகிறது. இழுவைக் கம்பியில் கட்டாதீர்கள். அறுந்து போவதே அந்தக் கம்பியாக இருந்தால், அதில் கட்டிய வடத்தால் என்ன பயன்? ஜீப் கழன்றுகொண்டால் வடம் இந்த ஊசியைப் பிடுங்கும், உடனே ஜீப் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இதைச் சோதிக்கிறேன். பிடுங்குகிறேன், பாருங்கள். கேட்டதா? மிதி கீழே போய்விட்டது. இப்போது ஜீப்பைத் தள்ளிப் பார்க்கிறேன். அசையவில்லை.

ஊசியை மறுபடி செருகுகிறேன். 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அப்படிச் செருகாமல் தூங்கப் போனால், காலையில் ஜீப்பின் பேட்டரி தீர்ந்திருக்கும். செருகியாகிவிட்டது. மிதி மேலே வந்துவிட்டது, காட்டியும் அணைந்துவிட்டது. நாளை விடியற்காலையில் லோன் பைன் நோக்கிப் புறப்படுகிறேன்.