நிமிடத்துக்கு எத்தனை பக்கம்? டிஜிட்டல் பிரஸ் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

[காட்சி: மெஷின் தட்டில் விழுந்துகொண்டிருக்கும் விசிட்டிங் கார்டு ஷீட்கள்]

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டில் ஆயிரம் விசிட்டிங் கார்டு, இரண்டு பக்கமும் கலர், மாலைக்குள் வேண்டும். டிஜிட்டல் பிரஸ் வைத்திருக்கும் எந்தக் கடைக்கும் இது அன்றாட வேலை. இந்த வேலையை வைத்தே மெஷின்களை ஒப்பிட ஆரம்பிப்போம்.

3.5க்கு 2 அங்குல கார்டு, 13×19 ஷீட்டில் ஐந்துக்கு ஐந்தாக 25 உட்காரும். ஆயிரத்துக்கு 40 ஷீட், இரண்டு பக்கமும் சேர்த்து 80 அச்சு. அப்படியானால் கேட்லாக்கில் "நிமிடத்துக்கு 80 பக்கம்" என்று போட்டிருக்கும் மெஷின் இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுமா? முடிக்காது. அந்த 80 என்பது ஏ4 கணக்கு. 13×19 ஷீட்டுக்குப் போனால் அது ஏறக்குறைய பாதியாகும். கனமான அட்டை என்றால் பல மெஷின்கள் இன்னும் மெதுவாகும், ஏனென்றால் டோனர் என்னும் மைப்பொடி உருகி அட்டையில் பிடிக்க அதிக வெப்பமோ அதிக நேரமோ வேண்டும்.

சரி, நான்கு நிமிடம் என்றே வையுங்கள். ஆனால் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைலைச் சரிசெய்வது, லேமினேஷன், கட்டிங் எல்லாம் சேர்ந்தால் இந்த நான்கு நிமிடம் எங்கே தெரியப்போகிறது? விசிட்டிங் கார்டும் நோட்டீஸும் மட்டும் போடும் கடைக்கு, 70 பக்க வேக மெஷினுக்கும் 100 பக்க வேக மெஷினுக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. விலையில்தான் இருக்கும்.

[காட்சி: அடுக்கி வைத்த புத்தகத் தாள்கள்]

புத்தகத்தில்தான் வேகம் வேலைக்கு உதவும். ஏ5 அளவில் 200 பக்கம், 100 பிரதி என்று வைப்போம். ஒரு ஏ3 தாளில் எட்டுப் பக்கம் அடங்கும். ஆக ஒரு பிரதிக்கு 25 தாள், மொத்தம் 2,500 தாள், 5,000 அச்சு. நிமிடத்துக்கு 40 ஏ3 அச்சு போடும் மெஷின் இதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், 60 போடுவது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போது பதிப்பகங்கள் நூறு பிரதி, இருநூறு பிரதி என்று வரிசையில் நிற்கும். அப்போது அந்த வித்தியாசம் ஒரு நாளில் பல தலைப்புகளாகும். ஆனால் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்து என்றால் அதற்குக் கலர் மெஷினை ஓட்டுவதே வீண். தனியாக ஒரு கறுப்பு-வெள்ளை மெஷின் வைத்துக்கொண்டு, அட்டையை மட்டும் கலரில் போடுவதே புத்திசாலித்தனம்.

[காட்சி: இரண்டு அச்சு முறைகளின் எளிய வரைபடம்]

அப்புறம் தொழில்நுட்பம். கோனிகா மினோல்டாவின் அக்யூரியோபிரஸ், ஜெராக்ஸ் வெர்சன்ட், கேனன் இமேஜ்பிரஸ், ரிக்கோ ப்ரோ சி வரிசை ஆகியவை உலர் டோனர் மெஷின்கள். பொடியை ட்ரம்மில் ஏற்றி, பெல்ட்டுக்கு மாற்றி, அங்கிருந்து தாளுக்கு இழுத்து, பியூசரில் உருக்கி ஒட்டுகின்றன. எச்பி இண்டிகோ வேறு ஜாதி. இஸ்ரேலில் பென்னி லண்டா தொடங்கிய நிறுவனம் அது. 1993இல் முதல் மெஷினைக் காட்டினார்கள், 2002இல் எச்பி வாங்கியது. இண்டிகோவில் பொடி கிடையாது, ஒன்று இரண்டு மைக்ரான் துகள்கள் கொண்ட திரவ மை. அது பிளாங்கெட் என்னும் சூடான ரப்பர் விரிப்புக்கு வந்து, அங்கிருந்து முழுவதுமாகத் தாளில் இறங்கும். ஆப்செட்டில் பார்த்துப் பழகிய பிளாங்கெட்தான், இங்கே சூடாக இருக்கும்.

தாளைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். மேட் பேப்பரில் போட்ட டோனர் அச்சு லேசாக மினுங்கும், தாளின் மேல் ஒரு படலம் உட்கார்ந்த மாதிரி. இண்டிகோ மை மெல்லியது என்பதால் மேட் தாள் மேட்டாகவே இருக்கும். சொரசொரப்பான கைக்காகித அழைப்பிதழில் இது இன்னும் நன்றாகத் தெரியும். மேடுகளில் டோனர் பிடித்துக்கொண்டு பள்ளங்களில் வெள்ளை வெள்ளையாக விட்டுவிடும். பிளாங்கெட் அழுந்தி இறங்குவதால் இண்டிகோ அதைச் சமாளிக்கும்.

ஒரு கேட்லாக் எண்ணை இங்கே நம்பாதீர்கள். டிபிஐ என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. வெர்சன்ட் 2400 டிபிஐ, இண்டிகோ 812 டிபிஐ. எண்ணை மட்டும் பார்த்தால் இண்டிகோ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த 812இல் ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பிட் அளவு, அதாவது அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. கூடவே துகளும் சிறியது. அதனால் புகைப்படத்தில், முக்கியமாகத் தோல் நிறத்தில், இண்டிகோ பின்தங்குவதில்லை. டிபிஐயை வைத்து மெஷினை விற்க வருபவரிடம் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். வெளிர் சந்தன நிறப் பின்னணி ஓரத்தில் மஞ்சளாக மாறி, நடுவே குங்குமச் சிவப்பில் பிள்ளையார். அந்த வெளிர் நிறம் கோடு கோடாக வராமல் வழுவழுவென்று இறங்கினால் அது நல்ல மெஷின்.

இண்டிகோவுக்கு இன்னொரு முகமும் உண்டு. எல்லாத் தாளிலும் அந்த மை நன்றாகப் பிடிக்காது. பிரைமர், அதாவது மை பிடிக்க உதவும் பூச்சு, பூசிய தாளோ, மெஷினிலேயே பிரைமர் பூசும் வசதியோ தேவைப்படும். பிளாங்கெட்டும், உருவம் ஏறும் பிஐபி தகடும் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள்கள். ஆபரேட்டர் கைதேர்ந்தவராக இருந்தே ஆக வேண்டும். டோனர் மெஷினை ஆர்வமுள்ள ஒரு பையன் சில வாரங்களில் கற்றுக்கொள்வான். இண்டிகோவில் அது நடக்காது. ஆல்பம், உயர்தர அழைப்பிதழ் என்று நாள் முழுக்க வேலை இருந்தால் மட்டுமே அதைத் தொடலாம் என்பது என் கருத்து. இங்க்ஜெட் ஷீட் மெஷின்கள் பெரிய அச்சகங்களுக்கானவை, இந்த வீடியோவில் அவற்றை விட்டுவிடுகிறேன்.

[காட்சி: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த ஷீட். முன்பக்கமும் பின்பக்கமும் விலகி இருப்பது தெரிகிறது]

கடையில் தினமும் சண்டை வருவது ரெஜிஸ்ட்ரேஷனில், அதாவது முன்பக்கமும் பின்பக்கமும் சரியாகப் பொருந்துவதில். முதல் பக்கம் பியூசர் வழியாகப் போகும்போது தாளின் ஈரம் குறைந்து அது மயிரிழை அளவு சுருங்கும். பின்பக்கம் அச்சாவது அந்தச் சுருங்கிய தாளில். மெஷின் இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் கார்டின் பார்டர் ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் மெலிந்து நிற்கும். பழைய மெஷின்களில் ஒவ்வொரு தாளுக்கும் சார்ட் போட்டு, அளந்து, எண்களைக் கையால் கொடுக்க வேண்டும். கோனிகாவின் ஐக்யூ-501 யூனிட் ஓடும்போதே அளந்து திருத்தும், நிறத்தையும் பார்த்துக்கொள்ளும். வெர்சன்ட் 3100இலும் ஷீட் முழுவதையும் உள்ளேயே ஸ்கேன் செய்யும் சென்சார் இருக்கிறது. கூடுதல் காசு கொடுத்து ஒரே ஒரு வசதி வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பது அப்புறம்.

தாளையும் கொஞ்சம் கவனியுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் திறந்து வைத்த ரீம் ஒரே இரவில் ஈரம் குடித்துவிடும். காலையில் சுருட்டல், ஜாம், திட்டுத் திட்டான நிறம் எல்லாம் வரும். உடனே சர்வீஸுக்குப் போன் போடுவோம், ஆனால் மெஷினில் ஒரு குறையும் இருக்காது. தாளைப் பிரிக்காமல் ஏசி அறையிலேயே வையுங்கள், மீந்ததை மறுபடி சுற்றி வையுங்கள். மடிக்கிற வேலையில் டோனர் மடிப்பில் வெடிக்கும், அதனால் கிரெய்ன் (தாளின் இழை ஓடும்) திசை பார்த்து ஷீட் வெட்டி, கிரீசிங் (மடிப்புக்கு அழுத்திய கோடு) போட்ட பிறகு மடியுங்கள்.

[காட்சி: மெஷின் திரையில் மீட்டர் எண்கள்]

இனி காசு. மீட்டரில் எண்ணும் ஒவ்வொரு அச்சும் ஒரு கிளிக், அதற்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கட்டுவது கிளிக் ஒப்பந்தம். அதில் பொதுவாக டோனர், ட்ரம், உதிரி பாகம், சர்வீஸ் எல்லாம் ஒரு கிளிக் விலைக்குள் வந்துவிடும், தாள் மட்டும் நம்முடையது. ஆனால் ஏ3 ஒரு கிளிக்கா, இரண்டா? ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஒரு நிறுவனம் ஏ4 கிளிக் 2 ரூபாய் என்கிறது, இன்னொன்று ஏ3 கிளிக் 3.50 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஏ3க்கு இரண்டு கிளிக் எண்ணினால் 4 ரூபாய் ஆகிறது. குறைவாகத் தெரிந்ததுதான் அதிகம். இண்டிகோவில் கணக்கே வேறு, அங்கே நிறத்துக்கு ஒரு கிளிக். நான்கு நிறம் என்றால் நான்கு, வெறும் கறுப்பு என்றால் ஒன்று. கறுப்பை விட்டுவிட்டு மூன்றே நிறத்தில் ஓட்டும் முறையும் அதில் உண்டு. இண்டிகோ 7கே மெஷினில் அப்படி ஓட்டினால் வேகம் 120இலிருந்து 160க்கு ஏறும், கிளிக்கும் ஒன்று குறையும்.

ரீகண்டிஷன் (பழையதைச் சரிசெய்து விற்கும்) மெஷின் வாங்கி டோனரை வெளியில் வாங்குபவர்களுக்குக் கிளிக் கிடையாது. அங்கே கவரேஜ்தான், அதாவது தாளில் எவ்வளவு இடத்தை மை மூடுகிறது என்பதுதான் கணக்கு. முழுக் கறுப்புப் பின்னணியில் மெனு கார்டு வந்தால் லெட்டர்ஹெட்டைவிடப் பல மடங்கு டோனர் குடிக்கும். இரண்டுக்கும் ஒரே ரேட் சொன்னால் நஷ்டம் உங்களுக்கே. கிளிக் ஒப்பந்தத்தில் இருப்பவர் அதே மெனு கார்டைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரர் எப்படி அவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார், பியூசரும் பெல்ட்டும் எங்கே ஸ்டாக்கில் இருக்கின்றன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முகூர்த்த மாதத்தில் மெஷின் இரண்டு நாள் நின்றால் கேட்லாக் வேகம் எதற்கும் உதவாது.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் மாதிரிப் படங்களைப் பார்க்காதீர்கள். உங்கள் கடை ஃபைலும், நீங்கள் வழக்கமாக வாங்கும் தாளும் கொண்டுபோங்கள். அதே ஃபைலில் 50 ஷீட் ஓட்டச் சொல்லி முதலாவதையும் ஐம்பதாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் மெஷினை அணைத்துவிட்டு மறுநாள் காலை அதே ஃபைலைத் திரும்பப் போடச் சொல்லி, முந்தைய நாள் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். தயங்கினால் அடுத்த டீலரிடம் போய்விடலாம்.